பாவித்த படகொன்றை வாங்குவதற்கு முன்

(முல்லைத்தீவு மாவட்டக் கரையோரக் கிராமமொன்றில், மீள்குடியேறிய கடற்றொழிலாளர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் எமது வாழ்வாதாரப் பிரிவின் படகு திருத்துநர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நான் மேடையில் நின்று பேசிப் பழகியவன் அல்ல. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகப் படகு திருத்துவதுதான் என் தொழில். பைபர் தூசி குடித்துக் குடித்துக் குரலும் கொஞ்சம் கரகரத்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாவித்த பைபர் படகொன்றை, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஊர்விட்டு ஊர் கொண்டுவரக்கூடிய அந்தச் சிறிய படகை, வாங்குவதா விடுவதா என்று முடிவெடுப்பது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தக் கேள்வி இப்போது என்னிடம் வராத நாளில்லை. "அண்ணை, யாழ்ப்பாணத்தில் ஒரு படகு நிற்குதாம். பதினெட்டடி. இஞ்சினோடு தருகினமாம். நாளைக்கே ஏற்றலாமாம். எடுக்கலாமோ?" என்று கேட்பார்கள். கேட்பவரின் கையில் இருக்கும் காசு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒருமுறை அனுப்பியது, மனைவியின் காப்பை அடகு வைத்தது, முகாமில் இருந்தபோது சேர்த்தது. அந்தக் காசு இரண்டாம் தரம் வரப்போவதில்லை. அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்று சொல்கிறேன். புதுப் படகுதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல பழைய படகு எத்தனையோ குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறது. பைபர் உடம்பு ஒழுங்காகக் கட்டப்பட்டு, ஒழுங்காகப் பார்க்கப்பட்டால் இருபது வருடத்துக்கு மேலும் நிற்கும்.

படகைப் பார்க்கப் போவதற்கு முன்னரே வீட்டில் இருந்து யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் எந்தத் தொழில் செய்யப் போகிறீர்கள், எந்தக் கரையில் இருந்து? நந்திக்கடலிலோ நாயாற்றிலோ கொக்கிளாய்க் களப்பிலோ இறால், நண்டு, சிறுமீன் பிடிக்கிறவருக்கு இயந்திரப் படகு தேவையில்லை. தெப்பமோ சிறு வள்ளமோ போதும். பெருங்கடலுக்குப் போகிறவருக்கு எங்கள் கரையில் துறைமுகம் கிடையாது. மணலில் இருந்து தள்ளி, அலையைக் கடந்து போக வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி மணலில் இழுத்து ஏற்ற வேண்டும். ஆகவே, இழுக்க எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முன்னர் ஒரு வாடியில் அண்ணன், தம்பி, மைத்துனன், மகன் என்று எட்டுப் பேர் நின்றோம். இப்போது பல வீடுகளில் அந்த எண்ணிக்கை இல்லை. இருபத்துமூன்று அடிப் படகு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, இழுத்து ஏற்ற ஆளில்லாமல் அலைவாயிலேயே விட்டு, மாரியில் அதைக் கடல் அடித்துச் சென்றதை நான் பார்த்திருக்கிறேன். பெரிய படகு என்பதால் அது உங்களுக்கு நல்ல படகாகிவிடாது.

உங்கள் துறையில் இயந்திரத்தின் குதிரைவலு, கடலுக்குப் போகும் நேரம், போகக்கூடிய தூரம் ஆகியவற்றில் ஏதாவது கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் சங்கத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பாவிக்க அனுமதியில்லாத இயந்திரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நிற்கக்கூடாது.

இனி, படகு யாருடையது என்ற விடயம். இதைத்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் ஒரு படகு வாங்கினார். விலை குறைவு. புதுசாக நீலப் பூச்சு. விற்றவர், தன்னுடைய படகுதான், பத்திரங்கள் எல்லாம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டன என்றார். தொலைந்திருக்கலாம்தானே, எங்கள் எல்லோருடையதும் தொலைந்ததுதானே என்று இவரும் நம்பினார். நாலு மாதம் தொழில் நடந்தது. பிறகு ஒரு நாள் செட்டிகுளம் முகாமில் இருந்து விடுபட்டு வந்த குடும்பமொன்றின் தலைவர் கரையில் நடந்து போகும்போது அந்தப் படகின் முன்னால் நின்றுவிட்டார். பூச்சு வேறு, இலக்கம் அழிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அணியத்தின் உட்பக்கத்தில் இருந்த ஒட்டுப் போட்டவரே அவர்தான். தன் கையால் போட்ட ஒட்டு அவருக்குத் தெரியாதா? சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். இரண்டு பேரும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். இரண்டு பேர் பக்கத்திலும் பிள்ளைகள் நின்றார்கள். கடைசியில் படகு அதன் சொந்தக்காரருக்குப் போனது. வாங்கியவரின் காசு போனது போனதுதான். விற்றவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதில் வாங்கியவரைக் குற்றஞ்சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் இரண்டு நாள் செலவழித்து விசாரித்திருந்தால் அது நடந்திராது. எப்படி விசாரிப்பது? இயந்திரம் பூட்டும் பைபர் படகுகளுக்கு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம் பதிவிலக்கம் வழங்குகிறது. அந்த வகைப் படகின் இலக்கம் ஓ.எஃப்.ஆர்.பி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும். அதைப் படகின் முன்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும், விற்பவரின் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில்லாவிட்டால், இடையில் படகு எப்படிக் கைமாறியது என்பதற்கு எழுத்து இருக்க வேண்டும். சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று சொன்னால், பொய் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இலக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கோ உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ போய்க் கேளுங்கள். விற்பவர் தொழில் செய்த துறையின் சங்கத் தலைவரிடமும் கேளுங்கள். ஒரு கரையில் பத்து வருடம் கிடந்த படகை அந்தக் கரையில் உள்ள ஒருவராவது அறிவார். ஒருவரும் அறியாத படகென்றால் விட்டுவிட்டு வாருங்கள். இலக்கம் சுரண்டப்பட்டிருந்தாலும் அதேதான்.

வேறு மாவட்டத்தில் பதியப்பட்ட படகென்றால் வேலை இன்னும் கொஞ்சம் கூட. கொக்கிளாய், நாயாறுப் பக்கம் பருவகாலத் தொழிலுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது தங்கள் படகை விற்க முன்வரலாம். அந்தப் படகின் பதிவு அவர்களுடைய மாவட்டத்தில் இருக்கும். உரிமை மாற்றத்துக்கு அவரும் கையொப்பமிட வேண்டும். அவர் ஊருக்குப் போன பிறகு அவரைத் தேடிக்கொண்டு பஸ் ஏறுவதைவிட, காசு கொடுக்கும் அன்றே படிவங்களை முடிப்பது நல்லது.

பதிவு சரியாக இருந்தாலும் படகின் மேல் வேறு யாருக்காவது உரித்து இருக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகும், போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்திலும், நிறுவனங்கள் உதவியாகக் கொடுத்த படகுகள் உண்டு. அவற்றிற் சிலவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்திருப்பார்கள். படகின் பக்கத்தில் நிறுவனத்தின் அடையாளம் இருந்தால், அல்லது அந்த இடத்தில் மட்டும் புதிதாகப் பூசப்பட்டிருந்தால், கேளுங்கள். அடுத்தது கடன். வங்கிக் கடனோ சங்கக் கடனோ முடியாமல் இருக்கலாம். எழுத்தில் இல்லாத கடனும் உண்டு. மீன் வாங்கும் முதலாளி படகுக்கு முற்பணம் கொடுத்திருப்பார். அது தீரும்வரை பிடிக்கிற மீனெல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே. அப்படியான படகை வாங்கிய பிறகு முதலாளியின் ஆள் தராசோடு கரையில் வந்து நிற்பார். "இந்தப் படகுக்கு யாரிடமாவது முற்பணம் எடுத்திருக்கிறீர்களா?" என்று விற்பவரிடம் முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கங்களில் பற்றைக்குள்ளும் மணலுக்குள்ளும் உடைந்த படகுகள் கிடந்தது உங்களுக்குத் தெரியும். யாரும் கேட்காத படகு, எடுத்துத் திருத்தினால் காசு மிச்சம் என்று நினைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிந்தது என்று அறிவிக்கப்படாத இடத்துக்குள் போகவே கூடாது. படகுக்குள்ளும் அதன் அடியிலும் வெடிக்காத பொருட்கள் இருக்கக்கூடும். அப்படியான இடத்தில் இருந்து "எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லி யாராவது சின்னப் பெடியன்களை அனுப்பினால், தடுங்கள். அந்தப் படகுகளுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, பத்திரம் ஒழுங்கு, ஆளும் ஒழுங்கு. இப்போது படகைப் பார்ப்போம். பகலில் போங்கள். படகு தண்ணீரில் நின்றால் கரைக்கு இழுக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் நிற்கும் படகைப் பார்த்து வாங்குவது, போர்த்துக்கொண்டிருக்கும் மாட்டைப் பார்த்து வாங்குவது போல. கையில் ஒரு சிறு சுத்தியல், ஒரு வாளி, ஒரு பழைய துணி கொண்டு போங்கள். இரண்டு ரூபாக் குற்றியும் போதும், ஆனால் சுத்தியலின் மரப்பிடி நல்லது.

முதலில் நான்கு பேரோடு சேர்ந்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். அதே நீளமான வேறொரு படகையும் தூக்கிப் பாருங்கள். இது மட்டும் பாரமாக இருந்தால், இருக்கைக்கு அடியிலும் அணியத்திலும் மூடிக் கட்டியிருக்கும் மிதவைப் பஞ்சு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பஞ்சு, படகு கவிழ்ந்தாலும் தாழாமல் வைத்திருப்பதற்காக அடைத்தது. தண்ணீர் குடித்த பிறகு அது படகையும் மிதக்க வைக்காது, எண்ணெயையும் கூடத் தின்ன வைக்கும்.

பிறகு தட்டுங்கள். அணியத்தில் இருந்து பின்புறம்வரை, ஒரு சாண் இடைவெளியில், வெளியிலும் உள்ளேயும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பைபர் "டிங்" என்று இறுக்கமான சத்தம் தரும். உள்ளே அடுக்குப் பிரிந்த இடம், அல்லது பட்டி வைத்து மறைத்த இடம், "டொக்" என்று செத்த சத்தம் தரும். கேட்டுப் பழகாதவர்களுக்கும் பத்து நிமிடத்தில் வித்தியாசம் பிடிபடும். செத்த சத்தம் வரும் இடத்தைச் சுண்ணாம்பால் வட்டமிடுங்கள். முடிவில் எத்தனை வட்டம் என்று பாருங்கள். உள்ளங்கையளவு இரண்டு மூன்று என்றால் திருத்தலாம். அடிப்பக்கம் முழுவதும் வட்டம் என்றால் அந்தப் படகோடு உங்களுக்கு அலுவல் இல்லை.

ஜெல்கோட் என்ற மேற்பூச்சில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருப்பது சாதாரணம். நட்சத்திரம் போல ஒரு புள்ளியில் இருந்து விரியும் வெடிப்பு இருந்தால், அங்கே ஏதோ பலமாக இடித்திருக்கிறது. அதன் நேரே உட்பக்கத்தைப் பாருங்கள். அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் ஏராவைத் தடவிப் பாருங்கள். மணலில் இழுத்து இழுத்து அது தேய்ந்திருக்கும். கை வைத்தால் நார் குத்துகிறதென்றால் மேற்பூச்சு போய், உள்நார் வெளியே வந்துவிட்டது. தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும். மேலதிகப் பைபர் அடுக்குப் போட்டுத் திருத்தக்கூடியதுதான், ஆனால் அதன் செலவை விலையில் இருந்து கழிக்கச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் பகுதிப் படகுகளுக்கே உரிய ஒரு விடயம். சன்னமும் ஷெல் துண்டும் பட்ட படகுகள் போருக்குப் பிறகு நிறைய விற்பனைக்கு வந்தன. ஓட்டை இருந்த படகு கெட்ட படகு என்று நான் சொல்ல மாட்டேன். நானே எத்தனையோ அடைத்திருக்கிறேன். எப்படி அடைத்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒழுங்காக அடைக்கிறவர் ஓட்டையைச் சுற்றிப் படகுச் சுவரின் தடிப்பைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்து, பைபர் விரிப்பை அடுக்கடுக்காக ரெசினில் ஊறவைத்துப் போடுவார். அது பழைய சுவரோடு ஒன்றாகிவிடும். அவசரக்காரர் ஓட்டைக்குள் பட்டியைத் திணித்து, மேலே பூசிவிடுவார். அலை இரண்டு மாதம் அடிக்க, அந்தப் பட்டி ஒரு மூடி போலக் கழன்று விழும், நீங்கள் கரையில் இருந்து எவ்வளவு தூரத்தில் நின்றாலும்.

பூச்சுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. உட்பக்கம் பெயின்ற் அடிக்காத படகென்றால், கவிழ்த்து வைத்து, உச்சி வெயிலில் உள்ளே புகுந்து மேலே பாருங்கள். பைபர் வழியே வெளிச்சம் மங்கலாகத் தெரியும். சுவர் மெல்லிய இடம் பளிச்சென்றும், ஒட்டுப் போட்ட இடம் கறுப்பாகவும் தெரியும். சுனாமிக்குப் பிறகு ஒரேயடியாகப் படகு தேவைப்பட்ட காலத்தில், அனுபவமில்லாதவர்களும் படகு கட்டத் தொடங்கினார்கள். விரிப்பைக் குறைத்துக் கட்டிய படகுகள் அப்போது கரைக்கு வந்தன. வெயிலில் பார்த்தால் அவற்றின் வண்டவாளம் தெரியும். மற்ற வழி இன்னும் இலகு. படகை மணலில் நேராக, இரண்டு மூன்று ரயரின் மேல் வைத்து, உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் இருந்து தேநீர் குடியுங்கள். எங்கே ஈரம் கசிகிறது என்று படகே காட்டும். விற்பவர் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன் என்றால் அந்தத் தேநீரோடு வீட்டுக்கு வாருங்கள்.

இயந்திரம் பூட்டும் பின்பலகையைப் பற்றி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். திருத்துகிறவனுக்கே நடந்தது என்பதால் வெட்கத்தோடு சொல்கிறேன். 2005இல் நானும் மைத்துனரும் ஒரு படகு வாங்கினோம். உடம்பெல்லாம் தட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பின்பலகையைத் தட்டவில்லை, புதிதாகப் பூசியிருந்தது, பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்தப் பலகை வெளியே பைபர், உள்ளே ஒட்டுப்பலகை. இயந்திரத்தின் பிடி திருகும் துளைகள் வழியே தண்ணீர் உள்ளே போனால், வெளியே தெரியாமல் உள்ளே மரம் உக்கிப் பொடியாகிவிடும். ஆறாவது நாள், கரை மட்டுமட்டாகத் தெரியும் தூரத்தில், அலையொன்றில் ஏறி இறங்கும்போது பலகையின் மேற்பாதி இயந்திரத்தோடு சேர்த்துப் பிய்ந்து கடலுக்குள் போனது. சங்கிலி கட்டியிருந்தபடியால் இயந்திரம் தாழவில்லை, ஆனால் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டது. பின்பக்கம் திறந்த படகில், ஒருவர் தண்ணீர் அள்ள மற்றவர் சவள் போட, இருட்டிய பிறகுதான் கரைக்கு வந்தோம். வீட்டில் எல்லோரும் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். சுனாமி நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இயந்திரத்தைப் பூட்டியபடி அதன் காலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பலகை கூட ஆடினாலோ, மூலைகளில் வெடிப்பு விரிந்தாலோ, துளைகளில் இருந்து கபிலத் தண்ணீர் கசிந்தாலோ மரம் உக்கியிருக்கிறது. பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். அது பெரிய செலவு.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு மெக்கானிக்கை, விற்பவர் ஏற்பாடு செய்பவரை அல்லாமல் நீங்கள் தெரிந்தவரை, அழைத்துப் போவதுதான் புத்தி. போனவுடன் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னரே ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆறும்வரை காத்திருந்து, குளிர் நிலையில் எத்தனை இழுவையில் பிடிக்கிறது என்று பாருங்கள். பிடித்தவுடன் பக்கத்தில் உள்ள சிறு துவாரத்தால் தண்ணீர் பீறிட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குளிரூட்டும் வழி உப்பால் அடைபட்டிருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. தரையில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் காட்ட விடாதீர்கள், பீப்பாய்க்குள் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். கியர்ப் பெட்டியின் அடித் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால் எண்ணெய் வரும். அது பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றினால் பெரும்பாலும் காரணம் தெரியும், தங்கூசியோ வலை நூலோ தண்டில் சுற்றி சீலை அறுத்திருக்கும். மெக்கானிக்கிடம் அளவுமானி இருந்தால் இரண்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திறந்து பார்க்காமல் வாங்க வேண்டாம். இயந்திர இலக்கம் பற்றுச்சீட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும். காலின் நீளமும் உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்த வேண்டும். 15 அங்குலக் காலும் உண்டு, 20 அங்குலக் காலும் உண்டு. படகையும் இயந்திரத்தையும் வெவ்வேறு ஆட்களிடம் வாங்குகிறவர்கள் இதில் பிழை விடுவதுண்டு.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். முன்னைய சொந்தக்காரர் அப்படிச் செய்தாரா என்று கேளுங்கள். பெற்றோல் இயந்திரத்தை யாராவது மண்ணெண்ணெய்க்கென்று மாற்றிப் பூட்டியிருந்தால், யார் செய்தது, எப்போது செய்தது என்றும் கேளுங்கள்.

படகை ஏற்றிக் கொண்டுவருவது பற்றி ஒரு வார்த்தை. நல்ல படகு வாங்கி, வழியில் உடைத்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைவிடப் படகு நீளம், பின்பக்கம் வெளியே தொங்கும். எங்கள் வீதிகளின் நிலை உங்களுக்குத் தெரியும். ஆகவே இயந்திரத்தைக் கழற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். ஏராவுக்கு நேர் கீழே மணல் மூட்டையோ ரயரோ வைத்து, பாரம் ஒரேயிடத்தில் விழாமல் பாருங்கள். பெட்டியின் இரும்பு விளிம்பில் படகின் அடி தட்டக்கூடாது. கயிற்றை இறுக்கக் கட்டுங்கள், ஆனால் விளிம்புகள் உள்ளே வளையும் அளவுக்கு இறுக்க வேண்டாம். பின்னால் சிவப்புத் துணி கட்டுங்கள். வழியில் மறித்துக் கேட்டால் காட்டுவதற்கு விற்பனைக் கடிதமும் பதிவுப் பிரதியும் படகோடு வருகிறவரின் சட்டைப் பையில் இருக்கட்டும்.

விலையைப் பற்றி நான் தொகை சொல்ல மாட்டேன், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் தைவரை எங்கள் கடல் அடங்காது. அந்த நேரம் விற்கிறவர் விலையைக் குறைப்பார். வாங்கலாம், ஆனால் மூன்று மாதம் படகு சும்மா கிடக்கும், அடகுக் காசுக்கு வட்டி ஓடும். அதோடு கடலேறும் இடத்துக்கு மேலே வைக்க உங்களுக்கு நிலம் வேண்டும். பங்குனி பிறந்தால் எல்லோருக்கும் படகு வேண்டும், விலை ஏறும். கையில் கடனில்லாத காசு இருப்பவருக்கு மாரி நல்ல காலம். கடன் வாங்குகிறவருக்கு அப்படியில்லை.

படகின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பதினைந்து லீற்றர் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் இருபது நாள் போனால் முந்நூறு லீற்றர். அதை இன்றைய விலையால் பெருக்குங்கள். அதன் மேல் இயந்திரத்துக்குக் கலக்கும் எண்ணெய், ஐஸ், வலை, நங்கூரம், கயிறு, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. வலையில்லாத படகு சாப்பாடு போடாது. கையில் உள்ள காசு முழுவதையும் படகுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணெய்க்கு முதலாளியிடம் போய் நின்றால், நான் முன்னர் சொன்ன அந்தத் தராசு உங்கள் கரைக்கும் வந்துவிடும். முதல் மாத எண்ணெய்க்கும் ஒரு திருத்த வேலைக்கும் போதுமான காசை ஒதுக்கி வைத்த பிறகு மிஞ்சுவதுதான் உங்களால் படகுக்குக் கொடுக்கக்கூடிய தொகை. அதற்குப் படகு வராவிட்டால் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வாங்குவதை யோசியுங்கள். பங்கு எப்படி, திருத்தச் செலவு யாருக்கு, ஒருவர் விலக விரும்பினால் என்ன செய்வது என்பதை வாங்கும் முன்னர் சங்கத்தில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். சகோதரங்களாக இருந்தாலும் எழுதுங்கள்.

இங்கே வந்திருக்கும் அக்காமாரில் சிலர், வீட்டில் கடலுக்குப் போக ஆளில்லாமல், படகு வாங்கிப் பங்குக்கு விட நினைக்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் பற்றுச்சீட்டும் பதிவும் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். "ஆம்பிளையின் பெயரில் இருந்தால்தான் அலுவல் சுகம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஓட்டியும் சங்கத்தில் ஒரு உறுப்பினரும் படகு பார்க்கும் அன்று கூடவே வரட்டும்.

எல்லாம் பார்த்து மனம் ஒத்தால், சிறிய முற்பணம் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள். மீதியைக் கடலில் ஓட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். விற்பவரும் படகில் வரவேண்டும். ஒரு மணித்தியாலமாவது, காற்றுக்கு எதிராகவும், அலைக்குப் பக்கமாகவும் ஓட்டுங்கள். கரைக்கு வந்ததும் படகுக்குள் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு விற்பனைக் கடிதம்: இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், படகின் பதிவிலக்கம், இயந்திர இலக்கம், தொகை, திகதி. கிராம அலுவலரோ சங்கத் தலைவரோ சாட்சியாக ஒப்பமிடட்டும். மூன்று பிரதி எடுத்து ஒன்றைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். எங்கள் பத்திரங்கள் எப்படித் தொலைந்தன என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்தானே.

சனிக்கிழமைகளில் காலையில் நான் இந்த மண்டபத்தில் இருப்பேன். படகு பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் கூட வருகிறேன், அதற்குக் காசு இல்லை. சுத்தியல் என்னிடம் இருக்கிறது. வாளியை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.